சேற்றுப்புண்ணும் மடிப்புத் தோல் நோயும்

வயலில் நிற்கும் நீர் நெற்பயிருக்கு உயிர். அதே நீர் நாள் முழுவதும் அதில் நிற்கும் மனிதனின் காலுக்குக் கேடு. இவ்வுண்மையை விவசாயி ஒவ்வொருவரும் அனுபவத்தில் அறிவார். ஆயினும் கால்விரல் இடுக்கில் வரும் புண்ணையும், தொடை இடுக்கில் படரும் செம்மையையும் ஒரு நோயாக எண்ணிச் சிகிச்சை தேடுவோர் சிலரே. "சேற்றில் இறங்கினால் சேற்றுப்புண் வரத்தான் செய்யும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டுவிடுவதால் எத்தகைய தீங்குகள் நேரக்கூடும், அவற்றை எவ்வளவு எளிய முறைகளால் தடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தேனி மாவட்டத்தின் நிலைமையை எடுத்துக்கொள்வோம். 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் பாசனம் பெறுகிறது. தொழி கலக்கிய வயலில் நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். மலையடிவாரத்தில் உள்ள தேவாரம் வட்டாரத்திலோ தோட்டக்கால் வேலை மிகுதி. மடை திருப்புவோரும், வாய்க்காலில் நின்று நீர் பாய்ச்சுவோரும் பலர். இவர்களன்றி, மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப் ஏறிச் செல்லும் தொழிலாளர்களும் இம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அவர்கள் நனைந்த உடையுடனேயே வேலை செய்து, நனைந்த உடையுடனேயே வீடு திரும்புகின்றனர். வேலைகள் வேறாயினும் துன்பம் ஒன்றே. தோலின் மடிப்புகள் உலர நேரமின்றி நாள் முழுவதும் ஊறிக் கிடக்கின்றன.

நோயின் தன்மை

நம் தோலின் மேற்புறம் ஓர் ஓட்டு வீட்டின் கூரையைப் போன்றது. மெல்லிய உயிரற்ற செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று உள்ளிருக்கும் சதையைக் காக்கின்றன. உலர்ந்திருக்கும் வரையில் கிருமிகள் இக்கூரையைக் கடந்து உட்செல்வது அரிது. நீரில் ஊறினால் செதில்கள் வெளுத்து உப்பிப் பிரிந்து விடுகின்றன. தோலோடு தோல் உராயும் இடங்களாகிய கால்விரல் இடுக்கு, தொடை இடுக்கு, அக்குள், மார்பின் அடிமடிப்பு, வயிற்று மடிப்பு ஆகியவற்றில் காற்றும் வெளிச்சமும் புகுவதில்லை. வெப்பமும் ஈரமும் தங்கி நிற்கின்றன. கிருமிகளுக்கு இதைவிடச் சிறந்த நாற்றங்கால் வேண்டுவதில்லை.

இவ்விடங்களில் வரும் நோய்கள் பலவகைப்படும். அவற்றுள் பலராலும் அறியப்படாதது 'எரித்ராஸ்மா' என்னும் நோய். 'கோரினிபாக்டீரியம் மினுடிஸ்ஸிமம்' என்னும் பாக்டீரியாவால் இது உண்டாகிறது. இக்கிருமி எங்கிருந்தோ வந்து தாக்கும் பகையன்று. நலமுள்ளவர் தோலிலும் அது சிறு அளவில் குடியிருப்பதுண்டு. ஈரமும் வெப்பமும் நீடிக்கும்போது பெருகி, தோலின் மேற்படலத்தை அரித்துப் பரவுகிறது. ஆகையால் இந்நோய் வந்தவரைத் தீண்டத் தகாதவராக நடத்துவதற்கோ, அவர் வெட்கமுறுவதற்கோ இடமில்லை. வெப்பமும் ஈரமுமான நாடுகளில் வாழ்வோர், மிகுதியாக வியர்ப்போர், உடல் பருத்தோர், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியவர்களுக்கு இது எளிதில் வரும்.

நூறாண்டுத் தவறு

இந்நோயின் வரலாறு நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. 1859-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் புர்க்கார்ட் என்பவர் இதனை முதன்முதலில் விவரித்தார். செந்நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எரித்ராஸ்மா என்ற பெயர் பிறந்தது. அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வரை, இது பூஞ்சையால் வரும் நோய் என்றே வைத்திய உலகம் நம்பி வந்தது. 1961-ஆம் ஆண்டில் சார்க்கனி, டாப்ளின், பிளாங்க் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் நடத்திய சோதனைகளால்தான் இதன் காரணம் பாக்டீரியா என்பது நிலைநாட்டப்பட்டது.

கற்றறிந்தோர் நூறு ஆண்டுகள் செய்த அந்தத் தவற்றை இன்று நம் ஊர்களில் நாள்தோறும் செய்து வருகிறோம். இடுக்கில் எது தோன்றினாலும் அதைப் "படர்தாமரை" என்று முடிவு செய்து, கடையில் கிடைக்கும் களிம்பை வாங்கித் தடவுகிறோம். நோய் எது என்று தெரியாமல் மருந்திடுவது, பூச்சி எது என்று பாராமல் பயிருக்கு மருந்தடிப்பதற்கு ஒப்பாகும்.

வேற்றுமை காண்பது எங்ஙனம்?

உறுதியாகக் கூறவல்லவர் வைத்தியரே. எனினும் சில அடையாளங்களை யாவரும் அறிந்திருப்பது நன்று.

எரித்ராஸ்மா தொடக்கத்தில் செம்மையாகவும், நாட்பட்டபின் பழுப்பு நிறமாகவும் தோன்றும். மாநிறமுள்ளவர் உடலில் அது கருமை கலந்த பழுப்பாகவே தெரியலாம். தோல் மெல்லச் சுருங்கிப் பொடிச் செதில் உதிரும். பரப்பு முழுவதும் ஒரே தன்மையாக இருக்கும். அரிப்பு சிறிதே இருக்கும், சிலருக்கு இராது. கால்விரல்களுக்கு இடையில் வரும்போது, அதிலும் சிறப்பாக நான்காம், ஐந்தாம் விரல்களின் இடுக்கில், தோல் வெளுத்து ஊறி வெடிக்கும்.

படர்தாமரை பூஞ்சையால் வருவது. ஓரம் தடித்துச் சிவந்து வளையமாகப் படரும்; நடுப்பகுதி தெளிந்து காணப்படும்; அரிப்பு மிகுதி. 'கேண்டிடா' என்னும் காளான் வகையால் வரும் புண்ணில் தோல் செக்கச்செவேலென்று ஈரமாகி எரியும். அதைச் சுற்றிலும் சிறு பருக்கள் தெறித்தாற்போல் இருக்கும். கால்விரல் இடுக்கிலோ பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒருங்கே குடியிருப்பதுண்டு. கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தல் தவறாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். உடலில் எங்கேனும் நிறம் மங்கிய அல்லது சிவந்த படை தோன்றி, அவ்விடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையெனில், அது தொழுநோயாக இருக்கக்கூடும். தொழுநோய் முற்றிலும் குணமாகக் கூடியது. அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தயங்காமல் காட்ட வேண்டும்.

எரித்ராஸ்மாவைக் கண்டறிய வைத்தியர்களிடம் ஓர் எளிய கருவி உண்டு. ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர் 1903-ஆம் ஆண்டில் அமைத்த ஊதாக்கதிர் விளக்கின் வழிவந்த 'வுட் விளக்கு' அது. இருட்டறையில் அவ்விளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், எரித்ராஸ்மா உள்ள இடம் பவழம் போலச் சிவந்து ஒளிரும். அக்கிருமி உண்டாக்கும் 'கோப்ரோபார்ஃபிரின்' என்ற பொருளே அவ்வொளிக்குக் காரணம். அது நீரில் கரைந்துவிடும் தன்மையது. ஆதலால் வைத்தியரிடம் செல்லும் நாளில் அவ்விடத்தைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவிச் சென்றால் அடையாளம் மறைந்து போகலாம். களிம்போ பவுடரோ தடவிச் செல்லுதலும் ஆகாது.

சிறு புண்ணால் வரும் பெருந்தீங்கு

எரித்ராஸ்மா தன்னளவில் உயிருக்கு ஆபத்தானதன்று. அப்படியாயின் இவ்வளவு கவலை எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கூரையில் ஓர் ஓடு விலகினால் ஓடு மட்டுமா நஷ்டம்? அதன் வழியே மழை புகுந்து வீடு முழுவதும் கெடுகிறதன்றோ? விரல் இடுக்கில் ஏற்படும் வெடிப்பும் அத்தகைய ஒரு வாயிலே. அதன் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய கொடிய கிருமிகள் சதைக்குள் புகுந்துவிடுகின்றன. குளிர்காய்ச்சல் வருகிறது, கால் சிவந்து வீங்குகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது.

1999-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில், காலில் இவ்வாறு சிவந்த வீக்கம் கண்டு மருத்துவமனையில் சேர்ந்த 167 நோயாளிகளை மற்ற நோயாளிகளுடன் ஒப்பிட்டுச் செய்த ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இத்தகைய நோய் வருவதில் நூற்றுக்கு 61 பங்கு அளவுக்குக் கால்விரல் இடுக்குப் புண்ணே பொறுப்பு என்று அவ்வாராய்ச்சி கணக்கிட்டது. விரல் இடுக்கைப் பேணினால் இந்நோயின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பது இதன் பொருள்.

யானைக்கால் உள்ளவர்களுக்கு இவ்விஷயம் இன்னும் முக்கியமானது. அவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் யானைக்கால் புழுவின் வேலை என்றே முன்னர் கருதப்பட்டது. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்னும் பெண் வைத்தியர் நடத்திய ஆய்வுகள், அக்காய்ச்சல்களுக்குப் பெரும்பாலும் தோல் மடிப்புகளிலும் விரல் இடுக்குகளிலும் புகும் பாக்டீரியாவே காரணம் என்று காட்டின. நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மடிப்புகளை நன்கு துடைத்து உலர்த்தியதனால் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கும் முறையும் இதுவே. விலையுயர்ந்த மருந்து செய்யாத வேலையை ஒரு துண்டுச் சோப்பும் ஒரு பருத்தித் துணியும் செய்தன என்பதை நாம் மறக்கலாகாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு வேறொரு துன்பம் உண்டு. நாட்பட்ட நீரிழிவினால் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். புண் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதுமட்டுமன்று, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதால் புண் ஆறுவதும் தாமதமாகும். விரல் இடுக்கில் தொடங்கிய வெடிப்பு விரலையும், சில வேளை காலையும் இழப்பதில் முடிவதுண்டு. உழைத்துண்ணும் குடும்பத்தில் ஒருவர் காலை இழப்பது என்பது அக்குடும்பத்தின் வருவாயையே இழப்பதாகும். மடிப்புத் தோல் நோய் திரும்பத் திரும்ப வருமானால், அவர் நீரிழிவுப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

கடைக் களிம்பின் கேடு

தோட்டத்து வேலையை விட்டு மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். மருந்துக் கடையிலோ சில ரூபாயில் ஒரு களிம்புக் குழாய் கிடைத்துவிடும். ஏழைத் தொழிலாளி கடையை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் அக்களிம்புகளுள் பல, ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி ஆகியவற்றை ஒன்றாகக் கலந்தவை. தடவிய இரண்டு நாளில் ஸ்டீராய்டு அரிப்பையும் செம்மையையும் அடக்கிவிடும். நோய் நீங்கியதென்று எண்ணுவோம். உண்மையில் கிருமி சாகவில்லை. தோலின் எதிர்ப்புச் சக்தியே அடங்கிப்போயிற்று. களிம்பை நிறுத்தியதும் நோய் முன்னிலும் அகலமாகப் படரும். மேலும் மேலும் தடவுவதால் மடிப்புத் தோல் மெலிந்து, வரிவரியாகக் கிழிந்த தழும்புகள் விழும். அத்தழும்புகள் பின்னர் மறைவதில்லை.

இந்தியா முழுவதிலும் படர்தாமரை நோய் மருந்துக்கு அடங்காமல் பெருகியதற்கு இக்கலப்புக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் வைத்தியர்கள் எச்சரித்தனர். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம், ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதி வகுத்தது. சட்டம் இருந்தும் கேட்டு வாங்குபவர் இருக்கும்வரை விற்பவரும் இருப்பர். மறுப்பது முதலில் நம் கையில் இருக்கிறது.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பேட்டரித் திராவகம் போன்றவற்றைப் புண்ணில் இடுவது கொடுமை. அவை கிருமியைக் கொல்லுமுன் நம் தோலைச் சுட்டுவிடும்.

சிகிச்சை

எரித்ராஸ்மா எளிதில் குணமாகக் கூடியது. சிறிய இடத்தில் மட்டும் இருப்பின், ஃபூசிடிக் அமிலம், கிளிண்டாமைசின் போன்ற மருந்துகள் சேர்ந்த களிம்பை வைத்தியர் கொடுப்பார். பரவலாக இருப்பின் எரித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் மாத்திரைகளை உட்கொள்ளச் சொல்வார். எதனை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். வயது, கர்ப்பம், ஏற்கெனவே உட்கொண்டுவரும் பிற மருந்துகள் ஆகியவற்றை அவரிடம் மறைக்காமல் கூறுதல் கடமை. சிறிது குணம் கண்டவுடன் மருந்தை நிறுத்துதல் தவறு.

மருந்து கிருமியைக் குறைக்குமேயன்றி ஈரத்தைப் போக்காது. ஈரம் நீடித்தால் நோய் திரும்பும். எனவே மருந்துக்கு இணையாகக் கீழ்க்கண்ட ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

1. வேலை முடிந்து வீடு வந்ததும் கால்களையும் மடிப்புகளையும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவுக. நார், செங்கல், கல் ஆகியவற்றால் தேய்க்க வேண்டாம்.

2. கழுவியபின் உலர்த்துவதே தலையாய வேலை. மெல்லிய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரல் இடுக்கையும் ஒற்றியெடுக்க வேண்டும். கால் துடைக்கும் துணி தனியாக இருக்கட்டும். ஒருவர் துணியை மற்றவர் உபயோகிக்கலாகாது.

3. விரல்கள் நெருங்கி ஒட்டியிருப்போர் இரவில் விரல்களுக்கிடையே சிறு பருத்தித் துணித் துண்டை வைத்துப் படுக்கலாம். காலையில் அதனை எடுத்துவிட வேண்டும்.

4. ஏலத்தோட்டத்துக்கும் வயலுக்கும் செல்வோர் உலர்ந்த மாற்றுடை ஒன்றைப் பையில் சுற்றி எடுத்துச் செல்க. ஜீப் ஏறுமுன் நனைந்த உடையை மாற்றிக்கொண்டால் வீடு வந்து சேரும்வரை ஊறவேண்டியதில்லை.

5. உள்ளாடை பருத்தியாலானதாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டும். நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துக. மழைக்காலத்தில் வெயில் இல்லாவிடில் இஸ்திரி போட்டு ஈரம் போக்கி அணிக.

6. ரப்பர் பூட்ஸ் அணிவோர் வேலை முடிந்ததும் அதனைக் கவிழ்த்து வைத்து உலர்த்துக. உள்ளே நீர் புகுந்த பூட்ஸ், வெறுங்காலைவிடத் தீங்கானது. இடைவேளையில் ஒருமுறை கழற்றிக் காலுக்குக் காற்றுக் காட்டுக.

7. மடிப்பில் பவுடரை அள்ளிக் கொட்ட வேண்டாம். வியர்வையுடன் சேர்ந்து களியாகி உராயும்.

8. நீரிழிவு உள்ளவர் பாதத்தை இரவுதோறும் விளக்கொளியில் வீட்டார் ஒருவர் பார்க்க வேண்டும். குனிய இயலாத முதியோருக்கும் இது பொருந்தும்.

குளிர்காய்ச்சல், பரவும் செம்மை, கால் வீக்கம், நெறி கட்டுதல், சீழ், துர்நாற்றம், விரல் கறுத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினும் மறுநாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

தனி மனிதனின் தோலில் வரும் நோய்க்குப் பஞ்சாயத்து என்ன செய்யும் என்று எண்ணலாகாது. கழுவ நீரில்லாத வீட்டிற்குக் கழுவும் முறையை உபதேசித்துப் பயன் என்ன? வேலை முடிந்து மாலையில் திரும்பும் நேரத்தில் தெருக்குழாயில் நீர் வருகிறதா என்பதே முதற் கேள்வி. அதிகாலையில் மட்டும் நீர் விடுவதால் கூலி வேலை செய்வோர் அடையும் இன்னலை ஆராய்ந்து நேரத்தை ஒழுங்கு செய்யலாம். பெண்களுக்கு மறைவான குளியலறையும் உடை மாற்றும் இடமும் மிக அவசியம். மறைவான இடம் இல்லாத பெண், ஈர உடையுடன் குளித்து ஈர உடையுடனேயே வீடு செல்கிறாள், மடிப்பு உலர்வதெங்ஙனம்?

நடவு முடியும் பருவத்திலும் மழைக்காலத்தின் நடுவிலும் தோல் நோய்க்கும் நீரிழிவுக்கும் சேர்த்து ஒரு மருத்துவ முகாம் நடத்துமாறு ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டுக்கொள்ளலாம். முகாம் மாலையில் நடந்தால் கூலி இழப்பின்றி அனைவரும் வருவர். பெண்களைப் பரிசோதிக்கப் பெண் வைத்தியரும் மறைவிடமும் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேட்பது நலம். இடுக்கில் வரும் நோயைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் மறைப்பதற்கு வெட்கமே காரணம். கிராம சுகாதார செவிலியரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் இவ்விஷயத்தைத் தங்கள் கூட்டங்களில் பேசினால் அவ்வெட்கம் அகலும்.

2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவு நோயாளிகளின் வீடுகளுக்கே வருகின்றனர். அவர்களிடம் காலையும் காட்டும் வழக்கத்தை ஊரில் ஏற்படுத்த வேண்டும். உள்ளூரில் குணமாகாத நோயை உத்தமபாளையம், போடி, கம்பம் ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லலாம். கிராம சபையில் வாசிக்கும் சுகாதார அறிவிப்புகளோடு, வைத்தியர் சீட்டின்றி ஸ்டீராய்டு களிம்பு வாங்கலாகாது என்பதையும் ஒரு முறை உரக்க வாசித்தல் நன்று.

ஏர் தேய்ந்தால் கொழு மாற்றுகிறோம். மாட்டின் குளம்பில் புண் கண்டால் அன்றே வைத்தியம் பார்க்கிறோம். அந்த அக்கறையில் ஒரு பங்கை நம் காலுக்கும் காட்டுவோம். இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் கால்விரல் இடுக்கையும் பார்ப்பதிலிருந்து இவ்வேலையைத் தொடங்கலாம்.